பூட்டனார் செத்த நாள்

என் அப்பாவுக்குப் பெரிய ஆசைகள் எதுவும் இருந்ததில்லை. சர்க்கரை ஆலையிலிருந்து கரும்புக்கு வெட்டு உத்தரவு காலத்தில் வரவேண்டும், கிணற்று மோட்டார் புகையக் கூடாது, சாப்பாட்டில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கவேண்டும். இவ்வளவுதான். இதயத்தில் கோளாறு என்று சொல்லி டாக்டர் அந்த உப்பையும் பிடுங்கிக்கொண்ட பிறகு, அவர் புதிதாக ஓர் ஆசையைப் பிடித்துக்கொண்டார். தன் தாத்தா எந்த நாளில் செத்தார் என்று அவருக்குத் தெரியவேண்டும். தெரிந்துகொண்டு, அந்த நாளில் ஒரு தடவையாவது முறையாகப் படைத்துவிட்டுத்தான் போவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

தேடும் வேலை என் தலையில் விழுந்தது. கண்டுபிடித்தும் விட்டேன். ஆனால் கண்டுபிடித்ததை உள்ளபடி சொன்னால் ஒரு பெண்ணின் படிப்பு கெட்டுப்போகும் என்று ஆகிவிட்டது. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் நான் சொல்லாமல் விடுவதற்குக் காரணம் அதுதான்.

அப்பாவின் தாத்தா எனக்குப் பூட்டனார். கள்ளக்குறிச்சிக்கும் சின்னசேலத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து, முப்பது வயதுவாக்கில், ஆள் சேர்க்க வந்தவன் பின்னால் போனவர். மழை பொய்த்த வருஷம். சென்னையில் கப்பல் ஏறிப் பிஜித் தீவுக்குக் கரும்புத் தோட்டக் கூலியாகப் போனார் என்பது வரை ஊருக்குத் தெரியும். மனைவியையும் மூன்று வயது மகனையும் விட்டுவிட்டுப் போனார். அந்த மகன்தான் என் தாத்தா. போனவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

எங்கள் பக்கத்தில் காணாமல் போனவருக்காகப் பன்னிரண்டு வருஷம் காத்திருப்பது வழக்கம். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் ஆள் இல்லை என்று முடிவு செய்து காரியம் செய்வார்கள். எங்கள் வீட்டில் பொறுமை அப்போதே கம்மி. ஒன்பதாவது வருஷம் வரிசையாக மாடுகள் செத்தன. பூட்டனாரின் அம்மா படுத்த படுக்கையானார். குறி கேட்கப் போனார்கள். கப்பலுக்குப் போனவன் கடலோடு போய்விட்டான், அவன் ஆவிதான் வாசலில் நின்று சோறு கேட்கிறது என்று குறி சொன்னவன் சொல்லிவிட்டான். வைக்கோலால் ஓர் ஆள் செய்து, வேட்டி சுற்றி, பாடை கட்டித் தூக்கிப் போய் ஆற்றங்கரையில் கொளுத்தினார்கள். பதினாறாம் நாள் கருமாதி. மனைவியின் தாலியையும் அறுத்தார்கள்.

அதனால் எங்கள் வீட்டின் கைவசம் இருந்த ஒரே நாள், அந்த வைக்கோல் எரிந்த நாள். வருஷா வருஷம் அன்றுதான் படைத்தோம். அப்பாவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

"வைக்கோலக் கொளுத்துன நாள வெச்சிக்கினு மனுசனுக்குப் படைக்கறோம்," என்பார். "மனுசன் செத்த நாளு இன்னான்னு ஒருத்தனுக்கும் தெரியல. நீதான் ஆபீஸ்ல பேப்பரும் கையுமா இருக்கறியே, தேடிப் பாரேம்மா."

நான் அப்போது ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். நான் செய்தது விதிப்படி சரியில்லை. கூட வேலை பார்த்தவர்களை அதில் இழுக்க விருப்பமில்லை. என் பிரிவு சாதிச் சான்றிதழ். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. யாருக்கு எந்தப் பட்டியல், யாருக்கு எவ்வளவு என்பதுதான் டீக்கடையிலும் பஸ்ஸிலும் கல்யாணப் பந்தியிலும் பேச்சு. அதுவரை சாதியை வாயில் மட்டும் வைத்திருந்தவர்களுக்கு அது காகிதத்திலும் தேவைப்பட்டது. காலையில் நான் சைக்கிளை நிறுத்துவதற்குள் வரிசை நின்றிருக்கும். ஒருவருக்குச் சான்று கிடைத்தால் அவரைப் பிடிக்காத இன்னொருவர் மொட்டை மனு போடுவார். மொட்டை மனுக்களுக்கென்றே தனியாக ஒரு கோப்பு வைத்திருந்தேன். என்னிடம் இருந்தவற்றிலேயே கனமானது அதுதான். ஒரு மனு வந்தால் போதும், சான்று நின்றுவிடும். விசாரணை முடிவதற்குள் அந்தப் பிள்ளையின் சீட்டில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

பிறப்பு இறப்புப் பதிவேடுகளில் பூட்டனாரைத் தேடிப் பயனில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எங்கள் ஊர்ப் பதிவேட்டைத் தூசி தட்டிப் பார்த்தேன். வைக்கோல் ஆளுக்கு யாரும் இறப்புப் பதியவில்லை. அந்த மட்டுக்குப் புத்தியுடன்தான் இருந்திருக்கிறார்கள். பிறகு ஒரு பயிற்சிக்காகச் சென்னை போனபோது, பழைய ஆவணங்கள் இருக்கும் இடத்துக்குப் போய் மூன்று நாள் உட்கார்ந்தேன். கடல் கடந்து போனவர்களைப் பற்றிக் கட்டுக் கட்டாக இருந்தது. எங்கள் தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து ஆண் இத்தனை, பெண் இத்தனை, வழியில் செத்தது இத்தனை. எண்ணிக்கைதான், பெயர் இல்லை. மூன்றாம் நாள் அங்கிருந்த ஊழியர் ஒருவர் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டார். ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு சீட்டு எழுதிக் கப்பலிலேயே கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அந்தச் சீட்டெல்லாம் இறங்கிய இடத்தில்தான் இருக்கும், அங்கே எழுதிக் கேளுங்கள் என்றார்.

எழுதினேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பூட்டனார் பெயர், அவருடைய அப்பா பெயர், ஊர், தாலுக்கா எல்லாம் நான்கு விதமான ஆங்கில எழுத்துக் கூட்டல்களில் எழுதி அனுப்பினேன். ஏழு மாதம் பதில் இல்லை. இடையில் அந்தத் தீவில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். அங்கேயும் யாருக்கு எவ்வளவு என்பதுதான் சண்டை போலிருக்கிறது. இனிமேல் என் கடிதத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு நாள் பழுப்பு உறை ஒன்று வந்து சேர்ந்தது.

உள்ளே பூட்டனாரின் சீட்டு, நகலாக. பெயர், அவர் அப்பா பெயர், ஊர் மூன்றும் சரி. எழுத்து கோணலாக இருந்தாலும் சாதியும் சரி. ஐந்தடி நான்கு அங்குலம். வலது புருவத்தின் மேல் தழும்பு. எங்கள் வீட்டில் அவருக்குப் படம் எதுவும் கிடையாது. அதுவரை அவர் எனக்கு ஒரு வைக்கோல் பொம்மை. அந்த நிமிஷத்தில் ஆளானார்.

சீட்டின் ஓரத்தில், வேறு மையில், வேறு ஒருவர் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. வந்து பதினோராம் வருஷம் திரும்பும் கப்பலில் சென்னைக்கு அனுப்பப்பட்டார்.

அதைப் பல தடவை படித்தேன். மனிதர் கடலோடு போகவில்லை. கருமாதி முடிந்து இரண்டு வருஷம் கழித்துச் சென்னையில் வந்து இறங்கியிருக்கிறார். இறங்கியவர் எங்கே போனார்? வீட்டுக்கு வந்ததாக யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் சீட்டை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தழும்பு என்றதும் தன் புருவத்தைத் தடவிக்கொண்டார். ஓரத்தில் இருந்த வரியை மட்டும் நான் படிக்கவில்லை. பாதி வழி திரும்பி வந்தவர் என்று சொன்னால், மீதிப் பாதி எங்கே என்று கேட்டு அவர் நெஞ்சைக் கெடுத்துக்கொள்வார் என்று பயந்தேன். முழுசாகத் தெரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"அவ்ளோதானா?" என்றார் அப்பா.

"அவ்ளோதாம்பா. இன்னொரு லெட்டர் போடறேன். பதில் வரும்."

என் கையிலிருந்த சீட்டின் ஓரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மோட்டாரை நிறுத்த எழுந்து போனார்.

அந்த வருஷம்தான் இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதிக்காரர்கள் ஒரு வாரம் முழுக்கச் சாலை மறியல் செய்தார்கள். புளிய மரங்களை வெட்டிச் சாலையில் போட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. அப்பாவும் ஒரு நாள் போய்ச் சாலையில் உட்கார்ந்துவிட்டு, கழுத்தெல்லாம் கருத்து வந்தார். நெஞ்சு சரியில்லாதவர் நடுவெயிலில் உட்காரலாமா என்று கேட்டால், "ஊரே உக்காந்திருக்குது, நான் மட்டும் வூட்ல விசிறிக்கினு இருப்பனா?" என்று என் மேல் எரிந்து விழுந்தார். நான் சைக்கிளைத் தூக்கித் தூக்கி மரங்களைத் தாண்டி அலுவலகம் போனேன். கடமை உணர்ச்சி என்று யாரும் நினைக்க வேண்டாம். சாவி என்னிடம் இருந்தது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அலுவலகத்தில் நானும் மின்விசிறியும் மட்டும் இருந்தோம். ஒரு மனிதரும் அவர் மகளும் படியேறி வந்தார்கள். கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூர். பஸ் ஓடாததால் கச்சிராயபாளையம் வழியாக நடந்தே இறங்கி வந்திருக்கிறார்கள். அவருக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும், காலெல்லாம் புழுதி. பெண்ணுக்குப் பதினேழு பதினெட்டு வயசு. அவர்கள் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு தேறிய முதல் பெண். ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்திருந்தது. பழங்குடியினர் சான்றிதழோடு அடுத்த வாரத்துக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் போய்விடும்.

"வெரசா ஆவுங்களா மேடம்?" என்று அவர் நின்றுகொண்டே கேட்டார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

விண்ணப்பத்தைப் பார்த்தேன். பள்ளிச் சான்றிதழ், ஊர்த் தலைவர் எழுதிக் கொடுத்தது, கிராம அலுவலர் அறிக்கை எல்லாம் ஒழுங்காக இருந்தன. கடைசியாக ஒரு பழைய காகிதம், முத்திரையோடு. மலை, அதை ஆண்டுவந்த ஜாகிர்தார்கள் கையிலிருந்து அரசு கைக்கு வந்தபோது நடந்த நில விசாரணையில், இந்த மனிதரின் அப்பா கொடுத்த வாக்குமூலத்தின் நகல்.

"இது எதுக்கு?" என்றேன்.

பெண் முன்னால் வந்தாள். "மூணு தலமொறையா அங்கயே இருக்கறதுக்கு ஆதாரம் இருந்தா வைக்கச் சொல்லிப் பாரத்துல போட்டிருந்துச்சி மேடம். எங்க வூட்ல சீல் வெச்ச பேப்பர் இது ஒண்ணுதான். நான்தான் எடுத்து வெச்சேன்."

படித்தேன். விசாரணை எழுத்தருக்கே உரிய நடையில் இருந்தது. 'எனது தகப்பனார் கீழ்நாட்டைச் சேர்ந்தவர். பிஜித் தீவுக்குக் கூலியாகச் சென்று பதினோரு வருடம் கழித்துத் திரும்பி வந்த சமயம், சொந்த ஊரில் அவருக்குக் கருமாதி செய்துவிட்டபடியால் வீட்டில் சேர்க்கப்படாமல், இம்மலைக்கு வந்து, ஜாகிர்தாரின் உத்தரவின்பேரில் காடு வெட்டித் திருத்தி, இவ்வூர்ப் பெண்ணை மணந்து…' அதற்கு மேல் சொந்த ஊர் எது என்றும் எழுதியிருந்தது. எங்கள் ஊர். பூட்டனாரின் பெயர், அவர் அப்பா பெயர். மூன்றும் சரி.

தண்ணீர் குடிப்பதுபோல எழுந்து போய்ப் பானை அருகில் நின்றுகொண்டேன். ஏழு மாதம் கடல் தாண்டித் தேடியவரை, அவருடைய பேரனே நடந்து வந்து என் மேஜையில் வைத்திருக்கிறார். புழுதிக் காலோடு நிற்கும் அந்த மனிதர் என் அப்பாவுக்குத் தம்பி முறை, எனக்குச் சித்தப்பா. அந்தப் பெண் என் தங்கை. அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நாம் ஒரே வீடு என்று சொல்லவேண்டும்போல் வாய் வரைக்கும் வந்துவிட்டது.

சொல்லவில்லை. ஏனென்றால் நான் சாதிச் சான்றிதழ்ப் பிரிவு. சாதி அப்பா வழியில் வரும் என்பது விதி. பெண்ணின் அப்பா, அவருக்கு அப்பா, அவருக்கு அப்பா என்று மூன்று படி ஏறினால், அங்கே எங்கள் சாதிக்காரர் ஒருவர் நிற்கிறார். அதை எழுதி முத்திரை குத்திய காகிதத்தை அந்தப் பெண்ணே கொண்டுவந்து, தன் விண்ணப்பத்தில் குண்டூசியால் குத்திக் கொடுத்திருக்கிறாள். தாசில்தார் இதைப் படித்தால் சான்று கிடையாது. படிக்காமல் கையெழுத்துப் போட்டாலும் கோப்பில் இருக்கும்; என்றைக்காவது ஒரு மொட்டை மனு வந்தால் வேலையில் சேர்ந்த பிறகும் பிடுங்கிவிடுவார்கள். இந்தக் காகிதம் உள்ளே போனால் சாலையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் கூட்டத்துக்கு ஓர் ஆள் கூடும், இந்தப் பெண்ணுக்குப் படிப்பு போகும்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். "உங்க தாத்தா கீழ இருந்து வந்தவரா?" என்று சாதாரணமாகக் கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆமாங்க. தீவுக்குப் போயி வந்தவரு. கப்பல்காரர் வூடுன்னுதான் எங்களச் சொல்லுவாங்க. வந்த பிற்பாடு சேத்துக்கலாமா வாணாமான்னு எங்க ஊர்ல கூட்டம் போட்டாங்களாம். கீழ காரியமே பண்ணிட்டாங்க, அதனால அந்தாளு அங்க செத்துட்டான், இங்க புதுசாப் பொறந்திருக்கறான்னு வெச்சிக்கலாம்னு ஊர்ப் பெரியவரு சொல்லிட்டாராம். அதுல இருந்து அவரு எங்க ஆளு."

எங்கள் வீட்டார் அவசரப்பட்டுச் செய்த காரியத்தை இவ்வளவு நியாயமாக யாரும் எடுத்துக்கொண்டிருக்க முடியாது. நாங்கள் வைக்கோலைக் கொளுத்தி ஒரு மனிதனைச் சாகடித்தோம். அவர்கள் ஒரு வார்த்தை சொல்லி அவனைப் பிறக்கவைத்தார்கள். அப்படிப் பார்த்தால் அந்தப் பெண் கேட்கும் சான்று உண்மையான சான்றுதான். எந்த விதிப் புத்தகத்திலும் இதற்கு இடமில்லை என்றும் எனக்குத் தெரியும். அந்த இடத்தில் நான் விதியை விட்டேன். இன்றுவரை அதற்காக வருத்தப்பட்டதில்லை.

"இதை இங்க வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லீங்களே. இன்னாங்க, தப்புங்களா?"

"தப்பு இல்ல. ஆனா இந்தப் பேப்பர் நிலத்துக்கு மட்டும்தான். சாதிச் சான்றுக்கு எங்கயும் இதக் காட்டாதீங்க. மத்ததே போதும்." குண்டூசியைக் கழற்றி, காகிதத்தை மடித்து, பெண்ணின் கையிலேயே கொடுத்தேன். அவள் என்னைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள். படித்த பெண் அல்லவா, சட்டென்று புரிந்துகொண்டாள். அவள் முகம் வெளுத்தது. அதைப் பையின் அடியில் வைத்தாள்.

அவர்கள் கிளம்பும்போது என்னால் அடக்க முடியவில்லை. "உங்க தாத்தா செத்த நாள் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அதுவும் எழுதணுங்களா?"

"ஆமாம்," என்றேன் அரசு அதிகாரியின் முகத்தோடு.

"மாட்டுப் பொங்க முடிஞ்சி மூணாம் நாளுங்க. நான் அப்ப சின்னப் பையன். வருசா வருசம் அன்னிக்கிச் சாமையரிசிச் சோறு ஆக்கி, மொச்சக்கொட்டக் கொழம்பு வெச்சிப் படைப்போம். அவருக்கு அதான் புடிக்கும்."

நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். மாட்டுப் பொங்கல் தை இரண்டு. அது முடிந்து மூன்றாம் நாள், தை ஐந்து.

சாலை திறந்ததும் கோப்பைத் தாசில்தாரிடம் வைத்தேன். பள்ளிச் சான்றையும் கிராம அலுவலர் அறிக்கையையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பெண் வந்து வாங்கிக்கொண்டு போனாள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தவள், "நீங்க எந்த ஊரு மேடம்?" என்று கேட்டாள். நான் கள்ளக்குறிச்சி என்றேன். அவளுக்கு அந்த நேரத்தில் ஒரு சொந்தக்காரி கிடைத்து ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஆனாலும் அவள் படியிறங்கித் தெருவில் மறையும் வரை ஜன்னலருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிச்சம் இருந்தது அப்பா. அவரிடம் மலையைப் பற்றிச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மறுநாளே வாழைத்தாரும் வெற்றிலை பாக்குமாகக் கிளம்பிப் போய் அந்த வீட்டு வாசலில் நிற்பார். தம்பி என்று கட்டிப்பிடித்து அழுவார். திரும்பி வந்து ஊர் முழுக்கச் சொல்வார். சொன்னால் எட்டாம் நாள் என் கனமான கோப்பில் ஒரு மனு வந்து சேரும். நாள் மட்டும் தெரிந்தால் போதும் என்றுதானே கேட்டார், நாளை மட்டும் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். நிறைய ஒத்திகை பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். வரப்பில் போய் நின்றேன்.

"அப்பா, ரெண்டாவது லெட்டர் வந்திருச்சி. உங்க தாத்தா அங்கயே, பிஜியிலயே செத்துட்டாராம். வயசாகித்தான் செத்திருக்காரு. நாள் போட்டிருக்காங்க. தை மாசம் அஞ்சாந்தேதி."

அப்பா மடையைத் திருப்பிவிட்டு நிமிர்ந்தார்.

"தை மாசமா?"

"ஆமாம்பா."

"அந்தத் தீவுல வெள்ளக்காரன் ரெஜிஸ்டர்ல தை மாசம்னு எழுதி வெச்சிருந்தானா?"

எத்தனை பேருடைய பொய் விண்ணப்பங்களை ஒரே பார்வையில் பிடித்திருக்கிறேன். தேதி முரண், மை முரண், ஊர் முரண். என் பொய்யை அப்பா ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தார். கோபம் இல்லை.

"அவரு திரும்பி வந்தாரு," என்றார். "எனக்குத் தெரியும்."

நான் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

"எங்கப்பா சாவறதுக்கு முன்னாடி சொன்னாரு. அப்ப அவருக்குப் பதினாலு வயசு. தெருக்கோடில ஒருத்தரு பொட்டியத் தூக்கிக்கினு வந்து நின்னாராம். கருமாதி பண்ணவன் வூட்டுக்குள்ள வந்தா வூடு வெளங்காதுன்னு பெரியவங்கல்லாம் கத்துனாங்களாம். பொம்பளைங்க அழுவறாங்களாம். கதவச் சாத்துடான்னு சொன்னாங்களாம். சாத்துனது எங்கப்பா. பெத்த தகப்பன் மூஞ்சிக்கி நேரா. தாப்பா போட்ட பிற்பாடும் அவரு ரொம்ப நேரம் வெளிய நின்னுக்கினு இருந்தாராம். ஒரு வார்த்த பேசலயாம். அப்பறம் போயிட்டாரு. எங்க போனாருன்னு யாரும் தேடல. எங்கப்பா அத நெனச்சி நெனச்சித்தான் செத்தாரு."

"ஏம்பா எங்கிட்டச் சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? எங்கப்பன் கதவச் சாத்துனான்னா?" மண்வெட்டியிலிருந்த சேற்றை வழித்துவிட்டு, "நீ அந்தச் சீட்டப் படிச்சப்ப ஓரத்துல ஒரு வரிய முழுங்கின. நான் பாத்தேன். உனக்கும் தெரிஞ்சிபோச்சின்னு அதுலயே தெரிஞ்சிக்கினேன்," என்றார்.

இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. "அப்பா, அவரு போனது…" என்று ஆரம்பித்தேன். அவர் சேறு படிந்த கையைத் தூக்கினார்.

"வாணாம். சொல்லாத. எந்த ஊருன்னு தெரிஞ்சா நான் போயி நிப்பேன். என் வாயும் நிக்காது. நீ ஒக்காந்திருக்கற எடம் எனக்குத் தெரியாதா? நீ எங்கிட்டயே பொய் சொல்றன்னா, அது யாரோ ஒரு புள்ளைக்கோசரம்தான்."

தண்ணீர் அடுத்த பாத்திக்கு ஏறியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அந்தத் தை அஞ்சாந்தேதிக்கு அவருக்குப் படைக்கறாங்களா?"

"வருசா வருசம் படைக்கறாங்கப்பா. மொச்சக்கொட்டக் கொழம்பு வெச்சி."

அப்பாவின் கண்ணில் தண்ணீர் வந்ததை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. சேற்றுக் கையாலேயே துடைத்துக்கொண்டார். அந்த நாளைத் தெரிந்துகொள்ளத்தான் அவர் இத்தனை நாள் ஆசைப்பட்டார். இனி ஒரு தடவையாவது படைத்துப் பார்த்துவிடுவார் என்று நினைத்தேன்.

"அப்ப நாம படைக்கறத நிறுத்திக்கலாம்," என்றார். "உசுரோட இருந்த ஆளுக்கு எல போட்டவங்க நாம. அவரு நம்மகிட்டச் சாவல. அவங்ககிட்டதான் செத்தாரு."